செத்துப்போன ஜட்ஜுடன் ஒரு கோடைக்காலம்

இளம் டாக்டர்களான உங்கள் முன்னால் வந்து உட்காரும் ஒருவர், "நான் செத்துப்போய்ச் சில மாதங்கள் ஆகின்றன" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? கை தானாக மருந்துச் சீட்டை நோக்கிப் போகும். போகட்டும், தப்பில்லை. உங்களுக்கு மருந்து இருக்கிறது. நான் மாணவனாக இருந்தபோது எங்களிடம் இருந்தவை வீடு முழுக்க நாறும் ஒரு தூக்க மருந்து, கனமான பூட்டுகள், அப்புறம் பேராசிரியர். மின்சாரச் சிகிச்சை இன்னும் கடல் தாண்டி வந்திருக்கவில்லை.

மனநோய் வகுப்பு எங்களுக்கு உல்லாசப் பயணம் மாதிரி. கடைசி வருடத்தில் சில சனிக்கிழமைகள் காலையில் டிராம் ஏறி, பட்டணத்தின் ஓரத்தில் இருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போவோம். பேராசிரியர் நோயாளிகளை ஒவ்வொருவராக அழைத்துவந்து உட்காரவைப்பார். ஒருவர் தன்னைச் சக்கரவர்த்தி என்பார். மாணவர்கள் சிரிப்பார்கள். "சிரித்து முடியுங்கள், அவர் காத்திருப்பார், அவருக்குப் பழக்கம்" என்பார் பேராசிரியர். இதுதான் எங்களுக்குக் கிடைத்த மனநோய்ப் படிப்பில் பெரும்பகுதி.

அந்தக் கோடை விடுமுறைக்கு முன்பு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கொடைக்கானலில் ஒரு நோயாளியோடு சில வாரங்கள் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். வகுப்பில் சிரிக்காதவன் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் சொந்த ஊரில் கல்யாணம் என்று சொல்லித் தப்பித்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நோயாளி, மதுரைப் பக்கத்தில் சப் ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களாகவே தூக்கம் இல்லை, பேச்சு குறைந்துவிட்டது, சாப்பாட்டைக் கையால் அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். வயதாகிறது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு வருடா வருடம் கஜானாவில் நேரில் ஆஜராகிக் கையெழுத்துப் போட வேண்டும் இல்லையா? அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. அதிகாரி மரியாதையாக எழுந்து நின்று காகிதத்தை நீட்டினார். ஜட்ஜ் அதைக் கவனமாகப் படித்துவிட்டு, "இதில் எழுதியிருப்பது உண்மையில்லை. நான் கையெழுத்துப் போட்டால் பொய்ச் சத்தியம் ஆகும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குடும்பத்தார் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க விரும்பவில்லை. ஜட்ஜ் வீட்டில் பைத்தியம் என்றால் கடைசிப் பெண்ணின் கல்யாணம் என்ன ஆகும் என்ற பயம். மூத்த மகளுக்குப் பிரசவ நேரம் என்பதால் மனைவியால் கூட வர முடியவில்லை. குளிர்ந்த காற்று நரம்புகளைத் தெளிவாக்கும் என்று அப்போது மேல்நாட்டுப் புத்தகங்களில் எழுதியிருந்தார்கள். அதனால் கொடைக்கானல்.

பேராசிரியர் எனக்குத் தந்த உபதேசம் சிறியது. "வாதம் பண்ணாதே. ஆமாம் போடவும் செய்யாதே." பிறகு ஒரு ரப்பர் குழாயைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். சாப்பிட மறுக்கும் நோயாளிக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குள் பால் ஊற்றும் குழாய். "இதற்கு வேலை வராமல் பார்த்துக்கொள். வந்தால், நுரையீரலுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்." அவ்வளவுதான்.

கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி பஸ் ஏறினோம். மலைப்பாதை வளைவுகளில் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். ஜட்ஜ் கம்பளிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, ஆனால் குரலில் நீதிமன்றம் அப்படியே இருந்தது.

"செத்தவனுக்கு வாந்தி வராது டாக்டரே. கவனிச்சீரா?" என்றார்.

முதல் பாயிண்ட் அவருக்கு.

செண்பகனூர் ரோட்டுக்கு மேலே ஒரு சிறிய பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஏரிப் பக்கம் வெள்ளைக்காரர்களும் மிஷன்காரர்களும் சீசனுக்கு நிறைந்திருந்ததால் இங்கேதான் கிடைத்தது. சமையலுக்குப் பக்கத்துக் கிராமமான பள்ளங்கியிலிருந்து செல்லாயி என்ற அம்மாள் வந்தாள். வீட்டில் பூண்டு விவசாயம். சீசனில் பங்களாக்களில் சமைப்பாள். அரிசி, மண்ணெண்ணெய், ரொட்டி எல்லாம் கீழே ரோட்டோரத்தில் கடை வைத்திருந்த ராவுத்தர் கொண்டுவந்து கொடுப்பார்.

குளிர்க் காற்றின் மகிமை மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. எழுந்து பார்த்தால் வெளியே ஒன்றும் இல்லை. மரம் இல்லை, ரோடு இல்லை, வேலி இல்லை. வெள்ளைப் பஞ்சு மாதிரி மூடுபனி. ஜட்ஜ் வராந்தாவில் நின்று வெகுநேரம் பார்த்தார். விரல்கள் நீலம் பூத்திருந்தன. அவற்றை எனக்குக் காட்டினார்.

"நேத்து வரைக்கும் எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு. இப்ப இல்லை" என்றார்.

அந்த நேரம் பார்த்து, பனிக்குள்ளிருந்து தொப்பி வைத்த இரண்டு வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் வெள்ளை அங்கியோடு நடந்துவந்து, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி பனிக்குள் போய்விட்டார்கள்.

ஜட்ஜ் பெருமூச்சு விட்டார். "இங்கேயும் இவங்க ராஜ்யம்தானா?"

வாதம் பண்ணாதே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இருபத்து சொச்சம் வயது, கையில் புது ஸ்டெதாஸ்கோப். பண்ணாமல் இருக்க முடியுமா? அவர் மணிக்கட்டைப் பிடித்து, "நாடி துடிக்கிறதே சார்" என்றேன்.

"சுவர்க் கடிகாரமும்தான் துடிக்குது. அதுக்கு உயிர் இருக்கா?"

"என்னோடு பேசுகிறீர்களே."

"கிராமபோன் பெட்டியும் பேசுது. பாடவும் செய்யுது. எனக்கு அதுகூட வராது."

"அப்படியானால் எப்போது இறந்தீர்கள்? யார் பார்த்தார்கள்?"

இப்படிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது என்றே சொல்ல வேண்டும். அதுவரை அவரை யாரும் முறையாக விசாரிக்கவில்லை. தை மாதம் ஒரு மத்தியானம், செய்தித்தாளை மடித்து வைக்கும்போது இறந்ததாகச் சொன்னார். முதலில் குடல் போனது, பிறகு நெஞ்சுக்குள் இருப்பதெல்லாம் போனது, உள்ளே இப்போது காலி. வீட்டுக்காரர்கள் கவனிக்கவில்லை. அன்று மாலைக்குள் அவர் தன் கட்சிக்கு வாக்குமூலம், சந்தர்ப்ப சாட்சியம், வைத்திய சாட்சியத்தின் பலவீனம் என்று எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டார். மாலையில் நானே என் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தோற்றதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் காலையில் அவரிடம் ஒரு நம்பிக்கை மட்டும் இருந்தது. மாலையில் அதற்குச் சாட்சிகள் வேறு சேர்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரைக் கூண்டில் ஏற்றியவன் நான். உங்களில் கெட்டிக்காரர்கள் யாராவது இருந்தால் இந்த இடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. காலையில் இரண்டு மடக்குப் பால், மத்தியானம் மோர். செல்லாயி நொந்துபோனாள்.

"சோறு வச்சது வச்சபடி கெடக்கு டாக்டர் தம்பி. என் கை ஆகலையோ என்னமோ. கோவம்னா வஞ்சிரலாம்ல? வாயைத் தொறக்க மாட்றாரே" என்றாள்.

"அவருக்குக் கோபம் இல்லையம்மா. குடல் இல்லை என்கிறார்."

அவள் யோசித்தாள். "எங்க வீட்டு ஆளுக்கு மூளை இல்லை. அவரு பாட்டுக்குச் சாப்புடுறாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ராவுத்தருக்கு ஜட்ஜை முன்பே தெரியும். கடைக்கு முன்னால் தகரக் கூரை இறக்கியதில் பக்கத்துக் கடைக்காரரோடு தகராறு வந்து, வழக்கு அப்பீலில் இவரிடம் போய், ராவுத்தர் தோற்றிருந்தார். ஒருநாள் ரொட்டி கொண்டுவந்தவர் ஜட்ஜைப் பார்த்து, நின்று, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வணங்கினார்.

ஜட்ஜும் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "ராவுத்தரே, உம்ம கேஸ்ல நான் தப்பாத் தீர்ப்புச் சொல்லிட்டேன். செத்தப்புறம்தான் எல்லாம் தெரியுது. அதுக்குத்தான் எனக்கு இந்த கதி."

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் என்ன ஜாடை காட்டுவது என்று தெரியாமல் விழித்தேன். அவர் தானாகவே முடிவெடுத்தார்.

"இல்லீங்க ஜட்ஜய்யா. சரியாத்தான் சொன்னீங்க. கோர்ட்டுல நான்தான் பொய் சொன்னேன். அந்த இடம் அவன் இடம்தான்."

ஜட்ஜ் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். ராவுத்தரைப் படி வரை கொண்டுபோய் விட்டேன். பொய்யை ஒப்புக்கொண்டது பெரிய மனசு என்று ஏதோ சொன்னேன்.

"பொய்யா? நான் எங்க தம்பி பொய் சொன்னேன்? அது என் எடம்தான். ஐயா தப்பாத்தான் தீர்ப்புச் சொன்னாரு. இந்த நெலமையில இருக்குற மனுசன்கிட்டப் போயி அப்பீல் பண்ணச் சொல்றீங்களா?" என்றார்.

எனக்குத் தெரிந்த உயர்ந்த பொய்களில் அது ஒன்று. பலன் என்ன தெரியுமா? அன்று சாயங்காலம் ஜட்ஜ் பாலையும் ஒதுக்கிவிட்டார். "எனக்காக ஒருத்தன் பொய்ச்சாட்சி சொல்ற அளவுக்கு வந்திருச்சு. செத்தும் பாவம் சேருது" என்றார். அன்பாகச் சொன்ன பொய்யையும் இப்படிப்பட்டவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மனச்சோர்வு நோயாளிகளிடம் மற்ற எல்லாம் மங்கிப்போனாலும் இந்த ஒரு புலன் மட்டும் தீட்டினதுபோல் இருக்கும். பேராசிரியர் ஆமாம் போடாதே என்று சொன்னது ராவுத்தருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு அவர் எதையும் சாப்பிடவில்லை. வற்புறுத்தினால் உதட்டை நனைத்துக்கொள்வார். கன்னம் ஒட்டியது. நாக்கு காய்ந்தது. கீழே மதுரைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்த நேரம் கோடை மழை பிடித்துக்கொண்டு, மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. பேராசிரியருக்குத் தந்தி கொடுத்தேன். "குழாய். ஜாக்கிரதை" என்று பதில் வந்தது. தந்தியிலும் அவருக்கு வார்த்தைச் சிக்கனம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூண்டுக் காட்டில் தண்ணீர் நிற்கிறது என்று ஆள் வந்து சொல்லி, செல்லாயி பாலைக் காய்ச்சி வைத்துவிட்டுப் பள்ளங்கிக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். பாலில் முட்டையை அடித்துக் கலந்தேன். குழாயை வெந்நீரில் போட்டு எடுத்தேன். ஆஸ்பத்திரியில் இதைச் செய்யும்போது பார்த்திருக்கிறேன். நான்கு பேர் பிடித்துக்கொள்வார்கள், ஐந்தாமவர் செலுத்துவார். இங்கே நான்கு பேரும் நான், ஐந்தாமவரும் நான்.

ஜட்ஜிடம் போய், என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். சம்மதமா என்றும் கேட்டேன்.

"பிணத்துக்கிட்டச் சம்மதம் கேக்குற முதல் டாக்டர் நீர்தான்" என்றார். தலையணையில் வசதியாகச் சாய்ந்து முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார்.

அவர் திமிறியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்படி மரியாதையாக முகத்தைக் கொடுத்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. குழாய் நுனி அவர் மூக்கருகே ஆடியது. தப்பான பாதையில் போனால் இந்தப் பாலிலேயே மூழ்கடித்துவிடுவேன். மூச்சை இழுத்து என்னை நிதானப்படுத்திக்கொண்டேன். நடுக்கம் நிற்கவில்லை. தோளுக்கு ஏறியது. பல் கிட்டியது. முதுகில் யாரோ ஐஸ் தண்ணீரை ஊற்றுவதுபோல் இருந்தது.

அது பயம் இல்லை, மலேரியா. எங்கே கொசு கடித்ததோ, அது இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்து வந்தது. குழாயையும் பாத்திரத்தையும் கீழே போட்டுவிட்டு, அவர் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதியை நான் பார்த்தேன், மீதியை ராவுத்தர் சொன்னார்.

நான் பார்த்தது: ஜட்ஜ் கட்டிலிலிருந்து என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்தார். சுவரைப் பிடித்தபடி நின்றார். தன் கம்பளியை எடுத்து என் மேல் போட்டார், அடுத்து ஸ்வெட்டரை, அதன்மேல் கோட்டை. என்னை இழுத்துக் கட்டிலில் ஏற்றினார். அந்த உடம்பில் எங்கிருந்து பலம் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "எதுக்கு இந்தப் பச்சைப் பிள்ளைய மலைக்கு அனுப்புறானுங்க" என்று யாரையோ வைதுகொண்டே குடையைத் தேடினார்.

ராவுத்தர் சொன்னது: மழையில் ஒரு குடை தள்ளாடித் தள்ளாடிக் கடைக்கு வந்தது. குடைக்கு அடியில் ஜட்ஜ்.

"எனக்கு ஒருமாதிரி ஆயிருச்சு தம்பி. செத்தவரு, செத்தவருன்னு கேட்டுக் கேட்டு, நெசமாவே வந்துட்டாருன்னு நெனச்சுட்டேன். 'பையனுக்குக் குளிர்காய்ச்சல், கொயினா வேணும், வெரசா'ன்னாரு. தபாலாபீசுலதான் பொட்டலம் விப்பாக, இன்னிக்கு லீவுங்கன்னேன். 'போஸ்ட்மாஸ்டர் வீடு எது?'ன்னாரு."

அந்தக் காலத்தில் கொயினா என்ற மலேரியா மருந்துப் பொட்டலங்களைத் தபாலாபீஸில் விற்பார்கள். போஸ்ட்மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்றாராம். ஜட்ஜ் வாசற்படியில் நின்று, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, வாசித்துக் காட்டும் என்றாராம். போஸ்ட்மாஸ்டர் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். திரும்பும்போது ராவுத்தர் அவரைத் தன் சரக்கு மட்டக்குதிரையில் ஏற்றி, பக்கத்தில் நடந்து கொண்டுவந்து விட்டார். வழி முழுக்க ஜட்ஜ் ஒன்றே ஒன்றுதான் பேசினாராம். "அன்னிக்கு நீர் சொன்னது பொய். அந்த இடம் உம்ம இடம்தான்."

கொயினாவை எனக்குக் கொடுத்துவிட்டு ஜட்ஜ் அடுப்படிக்குப் போனார். பிறந்ததிலிருந்து அடுப்பைத் திரும்பிப் பார்த்திராத மனிதர். புகையில் இருமும் சத்தமும் பாத்திரம் உருளும் சத்தமும் கேட்டன. கடைசியில் அரிசிக் கஞ்சி ஒன்றைக் கிண்டி எடுத்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டியில் எடுத்து ஊதினார். என் வாய்க்குக் கொண்டுவந்தவர் நிறுத்தினார். உப்பு போட்டோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. கரண்டியைத் தன் வாயில் வைத்துப் பார்த்தார்.

விழுங்கினார்.

நான் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்கியது. எனக்குக் காய்ச்சல் கொதித்தது, ஆனால் இதைப் பார்க்காமல் விடும் அளவுக்கு இல்லை. "சார், குடல் இல்லை என்றீர்களே, கஞ்சி எங்கே போயிற்று?" என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. எப்பேர்ப்பட்ட கேள்வி! வந்த நாளிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த சாட்சியம் அது. அதை எடுத்து நீட்டியிருந்தால் வழக்கை ஜெயித்திருப்பேன். அவர் கரண்டியைக் கீழே வைத்திருப்பார்.

வாயை மூடிக்கொண்டேன். என் வைத்திய வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களின் பட்டியலில் பேசியவை குறைவு.

பிறகு இன்னொன்று தோன்றியது. அவர் ஊட்டிய கஞ்சியை விழுங்கிவிட்டு, "உப்பு பத்தலை சார்" என்றேன்.

"அப்படியா?" அவர் மறுபடி ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்த்தார். "கொஞ்சம் கம்மிதான்." போய் உப்பு எடுத்துவந்து கலக்கி, மறுபடி சுவைத்தார்.

காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. செல்லாயி திரும்பி வந்தபோது ஜட்ஜ் அவளை என் கஞ்சியைத் தொட விடவில்லை. "அவருக்கு நாக்கு செத்துக்கெடக்கு. நீ போட்ற உப்பு சரிவராது" என்றார். ஒவ்வொரு வேளையும் எனக்கு உப்பு குறைந்தது. ஒவ்வொரு வேளையும் அவர் சுவைத்துப் பார்த்தார். கரண்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. செல்லாயி வாசலில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு, எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டிருந்த ஒரு காலையில், நான் வழக்கம்போல் "உப்பு பத்தலை சார்" என்றேன். அவர் கரண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் எத்தனை பேர் வியர்த்திருப்பார்கள்!

"டாக்டரே, உண்மையான சாட்சி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாத்திச் சொல்வான். சொல்லிக் கொடுத்த சாட்சிதான் ஒரு எழுத்து பிசகாமச் சொல்வான். நீர் முத நாள்லேருந்து 'உப்பு பத்தலை சார்'னே சொல்லிட்டிருக்கீர்."

எனக்கு உண்மையாகவே வியர்த்தது. ராவுத்தரின் பொய்யும், அன்று சாயங்காலம் தள்ளிவைக்கப்பட்ட பாலும் கண்முன் வந்தன. என்ன சொன்னாலும் கெட்டுவிடும் என்று தோன்றியது. ஆமாம் என்றால் ஏமாற்றுக்காரன், இல்லை என்றால் மறுபடி பொய்யன். "சூடாவது இருக்கா பாருங்க சார்" என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியாது.

அவர் கிண்ணத்தைத் தொட்டுச் சூடு பார்த்தார். பிறகு, "செத்தவன்கிட்டப் பொய் சொன்னா அதுக்குச் சட்டத்துல பிரிவு கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு ஒரு கரண்டிகூட வைக்கவில்லை.

அதன்பிறகும் திடீர் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. சில நாள் சாப்பிட்டார், சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மழை நின்றது, பாதை திறந்தது, தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒருநாள் காப்பி கழுநீர் மாதிரி இருக்கிறது என்று செல்லாயியை வைதார். அவள் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்த விஷயத்தை அவர் எடுப்பது குறைந்து, பிறகு நின்றுபோனது. தீர்ப்பை மாற்றி எழுதியதாகத் தெரியவில்லை. வழக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

சீசன் முடியும் நேரம் மனைவி பேரன் பிறந்த செய்தியோடு வந்தார். கணவர் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் பழனி இருந்த திசையில் கும்பிட்டார். அங்கே அவர் வேண்டுதல் வைத்திருந்தார். அவர் கணக்கில் குணமாக்கியது முருகன். பள்ளங்கிப் பூண்டு ரசம்தான் என்று செல்லாயி நினைத்தாள், கடைசி வாரங்களில் அதை அவள் விடாமல் வைத்தாள். தான் மனதாரச் சொன்ன பொய்தான் வேலை செய்தது என்று ராவுத்தர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கும் ஒரு கருத்து இருந்தது. தன்னால் பிறருக்கு உபயோகம் உண்டு என்று உணர்ந்தால் இந்த நோய் தீரும் என்று ஒரு கட்டுரையே மனதில் எழுதி முடித்திருந்தேன்.

பட்டணம் திரும்பியதும் அதைப் பேராசிரியரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"ஐரோப்பாவில் ஒரு மூளை நோய்க்கு நோயாளிகளுக்கு மலேரியாவை ஏற்றுகிறார்கள். நீ டாக்டருக்கு ஏற்றிப் பார்த்திருக்கிறாய். புதுமைதான்" என்றார்.

நான் அசடு வழிந்தேன். அவர் கொஞ்சம் இரங்கினார். "இந்த வியாதி வந்த வழியே ஒருநாள் போய்விடும். ஏன் வருகிறது, எப்போது போகும், எனக்கும் தெரியாது. போகிற அன்றைக்கு அந்த இடத்தில் மனிதன் மிச்சம் இருக்க வேண்டும். நீ மிச்சம் வைத்திருக்கிறாய். கட்டுரை எழுதாதே."

எழுதவில்லை. நல்லதாயிற்று. அடுத்த சில வருடங்களில் என்னிடம் வந்த இரண்டொருவருக்கு, யாருக்காவது உபயோகமாக இருங்கள் என்று உபதேசம் செய்து பார்த்தேன். அது அவர்களை இன்னும் கொஞ்சம் நசுக்கியது. அவர்கள் முன்னால் யாரும் குளிரில் நடுங்கி விழவில்லை, உபதேசம் மட்டும்தான் விழுந்தது. இப்போது உங்கள் மாத்திரை அந்த மனிதரைச் சீக்கிரம் எழுப்பிவிடுகிறது. சந்தோஷம். ஆனால் மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் வரை சில வாரங்கள் இருக்கின்றன, பாருங்கள். அந்த வாரங்கள் எங்கள் காலத்தில் இருந்த அதே நீளம்தான்.

பேராசிரியரிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. கொடை ரோடு ஸ்டேஷனில் மதுரை வண்டிக்குக் காத்திருந்தபோது நடந்தது. ஜட்ஜின் மனைவி சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஜட்ஜ் பெஞ்சில் உட்கார்ந்து மலை வாழைப்பழம் ஒன்றை உரித்து, பாதியை எனக்குக் கொடுத்தார்.

"இப்போது எப்படி சார் இருக்கிறது?" என்றேன்.

"நீர் கேக்க வந்தது அது இல்லையே. கேளும்."

தயங்கித் தயங்கிக் கேட்டேன். தை மாதத்திலிருந்து செத்துப்போனதாகச் சொன்னீர்களே, அது நோயால் வந்த நினைப்பு என்று இப்போது தெரிகிறதா என்று.

அவர் பழத்தைத் தின்று முடித்தார். தோலை எறிய இடம் தேடி எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நினைப்பா? அப்ப செத்துத்தான் இருந்தேன் தம்பி. அதுல உமக்குச் சந்தேகமே வேண்டாம்" என்றார். முதல் தடவையாக என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். வண்டி வந்தது. மனைவியை ஏற்றிவிட்டுத் தானும் ஏறி, ஜன்னல் வழியாக மிளகாய் வடை விற்பவனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

பல வருடங்கள் அவர் நன்றாக இருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த வருடத் தேர்வில், மருத்துவத் தாளில் மனநோய்க்கென்று ஒரு கேள்வி வந்தது. மனச்சோர்வு நோய் குணமானதற்கு முக்கியமான அடையாளம் எது? தான் கொண்டிருந்தது வெறும் பிரமை என்று நோயாளியே உணர்ந்து ஒப்புக்கொள்வது என்று எழுதினேன். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் கொடுத்தார்கள்.